காகிதக் கண்கள்

நாம் நாள்தோறும் புழங்கும் 'பிரச்சினை' என்ற சொல், வடமொழியின் 'பிரச்ன' என்பதன் தமிழ் வடிவம். மூலமொழியில் அதன் பொருள் 'வினா'. ஆறு மாணாக்கர் ஒரு முனிவரிடம் கேட்ட ஆறு வினாக்களால் அமைந்த உபநிடதம் அதனாலேயே 'பிரச்ன உபநிடதம்' எனப் பெயர் பெற்றது. தமிழுக்கு வந்து சேர்ந்தபின் அச்சொல் இடரைக் குறிப்பதாயிற்று. தண்ணீர்ப் பிரச்சினை, வாடகைப் பிரச்சினை, மாமியார் மருமகள் பிரச்சினை என்றெல்லாம் சொல்லும்போது நம் மனத்தில் வினா எதுவும் எழுவதில்லை. தோளில் ஏறிய ஒரு சுமைதான் தெரிகிறது.

இந்தப் பொருள் மாற்றத்தில் நாம் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று எண்ணத் தோன்றுகிறது. அது என்னவென்று காண, யோசனைகளைப் பிறப்பிக்கும் உத்திகளைத் தேடிய இருவரின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒருவர் நியூயார்க்கின் விளம்பர நிறுவனம் ஒன்றை நடத்தியவர். மற்றவர் சோவியத் சிறைமுகாமில் கைதியாக இருந்தவர். ஒரே காலத்தில், ஒரே வினாவுக்கு, ஏறத்தாழ எதிரெதிரான விடைகளை இவர்கள் கண்டனர்.

இவர்களுக்கு முன்பு, யோசனை என்பது அழையாமல் வரும் விருந்தாளி என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது. குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய ஆர்க்கிமிடீசின் கதை இக்கருத்துக்கு நிலையான சான்று. அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விட்ருவியஸ் எழுதிவைத்த கதை அது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே 1908இல் தம் அனுபவத்தையே பதிவு செய்தார். பதினைந்து நாட்கள் ஒரு கணக்குடன் மல்லாடியவர், பின்னர் அதை மறந்து பயணம் புறப்பட்டார். கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியின் படியில் காலை வைத்த கணத்தில் விடை தோன்றிற்று. 1926இல் ஆங்கிலேயரான கிரகாம் வாலஸ் இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து நான்கு படிகளாக வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளி தோன்றல், சரிபார்த்தல். இந்நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் நம் கையில் இல்லை. அடைகாக்கும் கோழியை அவசரப்படுத்த முடியாது.

விளம்பரத் தொழிலில் அவ்வளவு பொறுமை கட்டுப்படியாகாது. பிபிடிஓ என்ற பெயர்பெற்ற விளம்பர நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் (1888–1966), திங்கட்கிழமை காலையில் வாடிக்கையாளரிடம் புதிய யோசனையுடன் நிற்க வேண்டிய நிலையில் இருந்தவர். 1939இல் அவர் தம் ஊழியர்களைக் கூட்டி, கூட்டாக யோசிக்கும் ஒரு முறையைத் தொடங்கினார். 1942இல் ஒரு சிறு நூலிலும், 1948இலும் 1953இலும் வெளிவந்த விரிவான நூல்களிலும் அதை விளக்கினார். அம்முறைக்கு விதிகள் நான்கு. எவர் சொன்னதையும் கூட்டத்தில் குறைகூறலாகாது. எவ்வளவு விபரீதமான யோசனையானாலும் வரவேற்க வேண்டும். எண்ணிக்கை பெருகப் பெருக நல்லது. பிறர் சொன்னதன்மேல் ஏறி நின்று அதை வளர்க்கலாம்.

இதுவே பின்னர் உலகெங்கும் பரவிய 'பிரெயின்ஸ்டார்மிங்'. தமிழில் இதை 'மூளைப்புயல்' என்று பெயர்த்துவிட்டோம். உண்மையில் ஆஸ்பர்ன் கருதியது புயலை அன்று. அதிரடிப் படையினர் கோட்டை ஒன்றின்மீது பாய்வதுபோல் மூளையைக் கொண்டு சிக்கலின்மீது பாய்வது என்றே அவர் விளக்கினார். காற்றும் மழையும் இதில் இல்லை. இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. இதுபோன்ற முறை இந்தியாவில் ஆன்மிக ஆசிரியர்களிடையே நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருவதாகவும், அதன் பெயர் 'ப்ராய் பர்ஷனா' என்றும் ஆஸ்பர்ன் எழுதியிருக்கிறார். 'பர்ஷனா' என்றால் வினா என்று பொருளும் தந்திருக்கிறார். நம் காதுக்கு அது 'பிரச்ன'த்தின் சிதைவாகவே ஒலிக்கிறது. நாம் இடராக்கிவிட்ட சொல், அட்லாண்டிக்கைக் கடந்தும் வினாவாகவே நின்றது போலும்.

கூட்டத்துக்கு அப்பால் ஆஸ்பர்ன் தந்த மற்றொரு கருவி தனியாக இருப்பவருக்கும் உதவுவது. ஒரு பொருளை முன்னே வைத்துக்கொண்டு அதனிடம் கேட்க வேண்டிய வினாக்களின் பட்டியல் அது. வேறெதற்குப் பயன்படும்? பெரிதாக்கினால் என்ன? சிறிதாக்கினால்? எதற்குப் பதிலாக வைக்கலாம்? தலைகீழாக்கினால்? இன்னொன்றோடு சேர்த்தால்? 1971இல் பாப் எபர்லி என்பவர் இதைச் சுருக்கி, எளிதில் நினைவிற்கொள்ளும் வகையில் 'ஸ்கேம்பர்' என்ற பெயரில் அமைத்தார். கிழிந்த சேலை குழந்தைக்குத் தூளியாகி, பின்பு அடுக்களைப் பிடிதுணியாகி, கடைசியில் கால்மிதியாகும் வீடுகளில் வளர்ந்த நமக்கு முதல் வினா புதிதன்று. நம் பாட்டிமார் அதைப் பட்டியலாக எழுதி வைக்கவில்லை.

ஆஸ்பர்னின் கூட்டமுறை பெரும்புகழ் அடைந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கோ வேறு செய்தி காத்திருந்தது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லர், பால் பெர்ரி, கிளிஃபர்ட் பிளாக் ஆகிய மூவர் 96 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். பாதிப்பேர் நால்வர் நால்வராகப் பன்னிரண்டு குழுக்களில் அமர்ந்தனர். மீதி 48 பேர் தனித்தனியே யோசித்தனர். வினாக்களுள் ஒன்று வேடிக்கையானது: இனிப் பிறக்கும் மனிதர்க்கெல்லாம் கையில் கூடுதலாக ஒரு கட்டைவிரல் இருந்தால் என்னென்ன நன்மையும் தொல்லையும் நேரும்? தனித்து யோசித்தவர்களின் விடைகளைப் பின்னர் நால்வர் நால்வராகச் சேர்த்து, திரும்ப வந்தவற்றைக் கழித்து எண்ணிப் பார்த்தபோது, கூடி அமர்ந்த குழுக்களினும் ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் அங்கே இருந்தன.

காரணத்தை 1987இல் ஜெர்மனியின் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபெ ஆகிய இருவர் தெளிவுபடுத்தினர். கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். மற்றவர் தம் முறைக்குக் காத்திருக்கையில் தோன்றியதை மறக்கிறார், அல்லது சொல்லாமல் விடுகிறார். எனினும் கூட்டமுறை மறையவில்லை. கூடிப் பேசியவர்கள் தாம் நிறையச் சாதித்ததாக நம்புவதும் ஆய்வுகளில் தெரியவந்தது. அறை நிறைய ஒலித்த குரல்களில் தம் குரல் எது, பிறர் குரல் எது என்று அவர்களால் பிரிக்க இயலவில்லை. இலக்கியக் கூட்டங்களிலிருந்து வீடு திரும்பும் நமக்கும் இம்மயக்கம் பழக்கமானதுதான்.

ஆஸ்பர்னுக்கு நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டு யோசனை தனிமனித முயற்சிக்குத் துணையே தவிர அதற்கு மாற்று ஆகாது என்று அவரே எழுதினார். கூட்டத்தின்முன் வைக்கும் சிக்கல் பொதுவாக இராமல் குறிப்பாக இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பின்வந்தோர் நான்கு விதிகளை எடுத்துக்கொண்டு இவ்விரு எச்சரிக்கைகளைக் கைவிட்டனர்.

இனி மற்றவர். 1926இல் தாஷ்கண்டில் பிறந்து பாகு நகரில் வளர்ந்த கென்ரிக் ஆல்ட்ஷுல்லர், 1946இல் காஸ்பியன் கடற்படையில் புதுப்புனைவுகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பணியாற்றினார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டு பலர் அவரிடம் வந்தனர். அவர் நூலகங்களில் தேடினார். மேதைமை, தற்செயல், விடாமுயற்சி என்று எழுதியிருந்ததே தவிர, வழிமுறை ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே கண்டுபிடிப்பாளரின் மனத்தை விட்டுவிட்டு, கண்டுபிடிப்புகளையே ஆராயத் தொடங்கினார். காப்புரிமை ஆவணங்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டியபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. தொழில்கள் வேறாயினும், தீர்வின் உள்ளமைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன.

1948இல் ஆல்ட்ஷுல்லரும் நண்பர் ரஃபயேல் ஷபீரோவும் ஸ்டாலினுக்கு ஒரு கடிதம் எழுதினர். நாட்டில் புதுப்புனைவுத் துறை சீர்குலைந்து கிடக்கிறது, அதைச் சீராக்க வழி உண்டு என்பது அதன் சாரம். இருபத்திரண்டு வயது இளைஞரின் வெள்ளந்தித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 1950இல் கைது செய்யப்பட்டார். தண்டனை இருபத்தைந்து ஆண்டுகள்.

விசாரணைக் காலத்தில் நடந்ததாக அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. இரவு முழுவதும் விசாரணை. பகலில் உறங்கத் தடை. கதவில் உள்ள துளைவழியே காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார், கண் மூடினால் எழுப்பிவிடுவார். சில நாட்களில் எவரும் எதிலும் கையெழுத்திட்டுவிடுவர். ஆல்ட்ஷுல்லர் தம் இடரை ஒரு வாக்கியமாக உரைத்துப் பார்த்தார்: கண்கள் மூடியிருக்க வேண்டும், அவையே திறந்தும் இருக்க வேண்டும். அப்படி உரைத்தவுடன் வழி தெரிந்தது. சிகரெட் பெட்டியிலிருந்து இரண்டு துண்டுக் காகிதம் கிழித்து, எரிந்த தீக்குச்சியால் அவற்றில் கருவிழி வரைந்தார். உடனிருந்த கைதி அவற்றை எச்சில் தொட்டு அவருடைய மூடிய இமைகள்மீது ஒட்டினார். துளைக்கு எதிரே சாய்ந்தமர்ந்து ஆல்ட்ஷுல்லர் உறங்கினார். நண்பர் அவரோடு பேசுவதுபோல் உலாவிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இரவும் இந்தக் கைதி மட்டும் தெளிவாக வந்து நிற்பது எப்படி என்று விசாரணை அதிகாரிக்கு விளங்கவில்லை.

பின்னாளில் அவர் வகுத்த கோட்பாட்டின் உயிர்நாடி இந்நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. சாதாரணமாக நாம் இத்தகைய இடத்தில் சமரசம் தேடுவோம்: கண்ணைப் பாதி மூடலாமா, காவலர் அசந்த நேரத்தில் சற்றே உறங்கலாமா? ஆல்ட்ஷுல்லர் சமரசத்தை மறுத்தார். முரணை மழுப்பாமல் அதன் உச்சத்துக்கே கொண்டுபோனார். ஒன்று இதுவாகவும் வேண்டும், இதற்கு எதிராகவும் வேண்டும் என்று சொல்லிவிட்டால், அடுத்த வினா தானே எழும்: இரண்டும் ஒரே இடத்தில் வேண்டுமா? ஒரே நேரத்தில் வேண்டுமா? கண் மூடியிருக்க வேண்டியது உள்ளே, உறங்குபவருக்கு. திறந்திருக்க வேண்டியது வெளியே, காவலருக்கு.

அவர் வடக்கே வோர்குத்தா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அடைபட்டிருந்த பேராசிரியர்களும் அறிஞர்களும் அவருக்கு நாள்தோறும் பாடம் சொன்னார்கள். ஒரே ஒரு மாணவனைக் கொண்ட பல்கலைக்கழகம் என்று அதைச் சொல்வதுண்டு. ஸ்டாலின் மறைந்தபின் 1954இல் விடுதலையானார். 1956இல் ஷபீரோவுடன் சேர்ந்து உளவியல் இதழ் ஒன்றில் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். 'ட்ரீஸ்' என்ற சுருக்கப்பெயரால் இன்று அறியப்படும் கோட்பாட்டின் தொடக்கம் அது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குதல், தலைகீழாகச் செய்தல், தீங்கையே நன்மையாக்கல் என்பனபோல் நாற்பது நெறிகளை அவர் தொகுத்தார். படிப்படியாக யோசிப்பதற்கென அவர் வகுத்த முறையில் பெரும்பகுதி, விடை தேடுவதற்கு முன் சிக்கலை மீண்டும் மீண்டும் உரைத்துக் கூராக்குவதற்கே ஒதுக்கப்பட்டது.

இலக்கிய வாசகர்க்கு அவர் மற்றொரு வகையிலும் உறவினர். கென்ரிக் ஆல்தோவ் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதைகள் எழுதினார். அவர் மனைவி வாலெந்தினா ஷுராவ்லேவாவும் அத்துறை எழுத்தாளரே. ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் முதலியோரின் கற்பனைகளில் எவை பின்னர் மெய்ப்பட்டன என்று கணக்கெடுத்தார். 1974 முதல் 1986 வரை சிறுவர் செய்தித்தாளான 'பியோனெர்ஸ்கயா பிராவ்தா'வில் பிள்ளைகளுக்கு அவிழ்க்க வேண்டிய சிக்கல்களைக் கொடுத்து வந்தார். 1998இல் பெத்ரொஸவோத்ஸ்க் நகரில் காலமானார்.

பொறியியலுக்கான இந்த முறை நம் வீட்டுக்கு எந்த அளவில் பயன்படும்? அடுப்பில் வைத்த பாலை எடுத்துக்கொள்வோம். 'பால் பொங்கி வழிகிறது' என்பது புகார். அதற்கு நமக்குத் தெரிந்த விடை, பக்கத்திலேயே நின்று காவல் காப்பது. அதையே முரணாக உரைத்தால்: பால் நன்கு காயும் அளவுக்குச் சூடு வேண்டும், பொங்கும் அளவுக்குச் சூடு கூடாது. தீ பாத்திரத்தைத் தொட வேண்டும், பாலைத் தொடக்கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் வேண்டியதில்லை என்று கண்டதும் இடையில் ஒரு சுவர் எழுகிறது. விசில் அடிக்கும் பால் குக்கர் அதுதான். இரட்டைச் சுவர்களுக்கிடையே நீர் ஊற்றியிருக்கும். நீர் 100 பாகையில் கொதித்து நின்றுவிடும். பாலின் கொதிநிலை அதனினும் சற்றே அதிகமாகையால் பால் காயும், பொங்காது. நீராவியே விசிலாகிக் காவல் வேலையையும் செய்துவிடுகிறது. அதை வடிவமைத்தவர் ஆல்ட்ஷுல்லரைப் படித்திருக்கத் தேவையில்லை. தீர்வின் உள்ளமைப்பு ஒன்றே என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

எல்லா இடர்களும் இப்படி அவிழும் என்று நாம் சொல்லவில்லை. ஆல்ட்ஷுல்லர் ஆராய்ந்தவை பெரும்பாலும் இயந்திரங்கள். உறவில் எழும் முரணுக்கு இரட்டைச் சுவர்ப் பாத்திரம் செய்து வைக்க முடியாது. தகுந்த வினா தெரிந்தும் விடைக்கான பொருள் கைவசம் இல்லாத ஏழ்மையும் உண்டு. தகுந்த வினாவை எழுப்பியதற்காகவே சிறைக்குப் போகும் நிலையும் உண்டு. ஸ்டாலினுக்கு எழுதிய கடிதம் அதற்குச் சான்று.

ஆயினும் இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைக்கும்போது ஒன்று துலங்குகிறது. ஆஸ்பர்ன் விடைகளைப் பெருக்கச் சொன்னார். ஆல்ட்ஷுல்லர் வினாவை ஒடுக்கி நேராக்கச் சொன்னார். முன்னதற்கு ஓர் அறையும் நண்பர்களும் போதும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். பின்னது தனிமையில் செய்ய வேண்டியது, கடினமானது. நாம் பெரும்பாலும் முன்னதையே நாடுகிறோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே விடைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் முன்னே ஒரு பிரச்சினை வந்து நிற்கும்போது, அச்சொல்லின் பழைய பொருளை ஒரு கணம் அதற்குத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம். இதில் எது வேண்டும், அதற்கு எதிராக எது வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கலாம். விடை உடனே வந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் பாகு நகரத்து இளைஞர் ஒருவர், உறங்க விடாத அறையில், இரண்டு துண்டுக் காகிதத்தைக் கொண்டு உறங்கியிருக்கிறார்.