ஃபூக்கா

ஃபூக்கா என்பது பசு, எருமை ஆகியவற்றின் பிறப்புறுப்பினுள் காற்றை ஊதி, அவை அடக்கி வைத்திருக்கும் பாலைக் கறந்தெடுக்கும் பழைய முறை. 1890ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. கல்கத்தா மாட்டுக் கொட்டில்களில் இது பரவலாக இருந்தது. இதை அறிந்து காந்தி பாலையே வெறுத்தார்; 1919இல் உடல்நலம் குன்றியபோது ஆட்டுப்பாலுக்கு மட்டும் இசைந்தார்.

மாடு பாலை அடக்குவது பிடிவாதத்தால் அன்று. மடியிலுள்ள பாலில் பெரும்பகுதி நுண்ணிய சுரப்புப் பைகளில் தங்கியிருக்கும். கன்று முட்டும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து, அப்பைகளைச் சூழ்ந்த தசைச் செல்களைச் சுருக்குகிறது. இதையே உழவர்கள் 'சுரப்பு விடுதல்' என்பர். அதன் விளைவு சில நிமிடங்களே நீடிக்கும். 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈலி, பீட்டர்சன் இருவரும் காகிதப் பைகளை வெடித்துப் பசுக்களை மிரட்டினர். பால் இறங்குவது தடைப்பட்டது. மிரட்சியில் சுரக்கும் அட்ரினலினே காரணம் என விளக்கினர்.

நாட்டு மாடுகள் பெரும்பாலும் கன்றைக் கண்டால்தான் சுரப்பு விடும். கன்று இறந்தால்? சென்னையில் வீட்டு வாசலிலேயே பால் கறந்த காலத்தில், வைக்கோல் அடைத்த தோல் கன்றை மாட்டின் முன் நிறுத்துவார்கள். ஃபூக்காவை நோக்க இது எவ்வளவோ மேல். காற்றழுத்தத்தால் உறுப்பு விரிவதும் அதே ஆக்சிடோசினைத்தான் வரவழைத்தது, ஆனால் வதையின் வழியே.

முழுதும் இறங்காத பால் தரத்திலும் குறையும். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் மிகுதி. அம்பத்தூரில் பால் பண்ணை நடத்தும் ஆவின் போன்ற கூட்டுறவு அமைப்புகள் கொழுப்பும் இதர திடச்சத்தும் பார்த்தே விலை தருவதால், அரைகுறைக் கறவை தண்ணீர் கலக்காமலே நட்டம் தரும்.

1953இல் டு விக்னோ ஆக்சிடோசினைச் செயற்கையாக உருவாக்கினார். 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் கொட்டில்களில் ஊசி நுழைந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஃபூக்காவைத் தடுத்திருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம், மாட்டுக்குக் கேடு தரும் ஊசியையும் அதில் சேர்த்தது. நாள்தோறும் ஊசி பெறும் மாடு நாளடைவில் தானாகச் சுரப்பு விடுவது குறையும். இம்மருந்து மகப்பேற்றில் குருதிப்போக்கை நிறுத்தவும் இன்றியமையாதது. 2018இல் நடுவண் அரசு தனியார் உற்பத்தியைத் தடுத்தபோது, அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது.