ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கூர்மையான படம்: மொன்றியலின் இருளும் அகல அப்பர்ச்சர் லென்ஸும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் காட்சியை லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. கேமராவின் முகப்பில் இரண்டு சிறு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே கண் நேராகப் பார்க்கிறது. மற்றொன்றின் வழியே வரும் பிம்பம், வியூஃபைண்டரின் நடுவிலுள்ள ஒளிக்கட்டத்தில் விழுகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸின் பின்புற விளிம்பு, உடலுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளும். அதற்கேற்ப இரண்டாம் பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடமே ஃபோகஸ். லென்ஸுடன் இணைந்த இந்த ஏற்பாடு 1932இல் லைக்கா இரண்டாம் மாதிரியிலும் ஜைஸ் கான்டாக்ஸிலும் வந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3 அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது.

இந்த முறையில் கண் பார்ப்பது தொலைவின் அளவை மட்டுமே. லென்ஸ் ஃபிலிமின்மேல் எதைக் கூர்மையாக வரைகிறது என்பது வியூஃபைண்டரில் தெரியாது. கட்டத்துக்குள் பிம்பங்கள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தும் படம் மங்கலாக வருவதுண்டு. அகல அப்பர்ச்சர் கொண்ட, புகைப்படக்காரர்கள் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்று சொல்லும் வகையை மாட்டும்போது இது முதன்மையான சிக்கலாகிவிடுகிறது.

அளவுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எஃப் 5.6இல் எடுத்தால், ஏறத்தாழ 13 செ.மீ. ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும். மூக்கு நுனி முதல் காது வரை அதற்குள் அடங்கும். எஃப் 1.4இல் அந்த ஆழம் சுமார் 3 செ.மீ. ஆகச் சுருங்கும். எஃப் 1இல் இரண்டேகால் செ.மீ.தான். 75 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் அதே தொலைவில் ஒன்றரை செ.மீ.கூடத் தேறாது, இமை முடி கூர்மையாக இருந்தால் காது கரைந்துவிடும். இவை 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தைக் கூர்மை என்று ஏற்கும் பழைய ஃபிலிம் கணக்கு. 60 மெகாபிக்சல் சென்சார் கொண்ட லைக்கா எம்11 படத்தைத் திரையில் முழுதாகப் பெருக்கிப் பார்ப்பவருக்கு இந்தச் சலுகையும் இல்லை.

ஃபோகஸ் எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதை இரண்டு சாளரங்களுக்கு இடையிலான தூரமும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எம்3இல் 68.5 மி.மீ. இடைவெளியை 0.91 மடங்கால் பெருக்கினால் பயனுறு அடித்தளம் 62 மி.மீ. கிடைக்கிறது. பின்வந்த 0.72 மடங்கு மாதிரிகளில் அது 50 மி.மீ. மட்டுமே. கண்பார்வைத் துண்டில் 1.25 மடங்கு பெருக்கியைத் திருகினால் எம்3இன் அளவை எட்டிப் பிடிக்கலாம். எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்து அடிக்கடி எடுப்பவர் இன்னொரு லென்ஸ் வாங்கும் முன் இந்தப் பெருக்கியை வாங்குவது நல்லது.

கனடாத் தொடர்பு

இவ்வகை லென்ஸ்களில் முக்கியமான சில, மொன்றியலுக்கு மேற்கே ஒன்டாரியோ மாகாணத்தின் மிட்லண்ட் என்ற சிற்றூரில் உருவானவை. லைக்காவைத் தயாரித்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1952இல் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. அங்கு பணியாற்றிய வால்ட்டர் மான்ட்லர் 1976இன் நோக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப் 1, 1980இன் சம்மிலக்ஸ் 75 மி.மீ. எஃப் 1.4 ஆகியவற்றின் வடிவமைப்பாளர். எம் வரிசையே நின்றுவிடுமோ என்றிருந்த 1970களின் பிற்பகுதியில் எம்4-2 கேமரா வந்ததும் மிட்லண்டிலிருந்துதான். செலவைக் குறைக்க அந்த மாதிரியின் வியூஃபைண்டரில் ஓர் ஒளிகூட்டும் லென்ஸை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எம்6 வரை பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் நடுக்கட்டம் வெளுத்து மறைவது இதனால்தான். 2003இன் எம்பி மாதிரியில் இது சரிசெய்யப்பட்டது. பழைய மாதிரி வைத்திருப்பவர்கள் கண்ணைச் சாளரத்தின் நடுவே சற்று நகர்த்திப் பார்த்தால் கட்டம் திரும்பத் தெரியும்.

மொன்றியலுக்குச் சிறு கேமரா மரபு குடியேறியவர்களோடு வந்தது. புகைப்படக்காரர் சாம் டாட்டா ஷாங்காயில் 1911இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனைச் சந்தித்த பிறகு, ஓவியம் போன்ற கண்காட்சிப் படங்களை விட்டுவிட்டு 35 மி.மீ. கேமராவுக்கும் கிடைக்கும் ஒளிக்கும் மாறினார். 1949இல் ஷாங்காய் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியதைப் படமெடுத்தார். 1956இல் மொன்றியலில் குடியேறி, கனடாவின் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அவர்கள் வாழும் அறைகளிலேயே, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். ஹங்கேரியில் பிறந்த காபோர் ஸிலாஷி, லைக்காவைப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஸோர்கி என்ற ரேஞ்ச்ஃபைண்டரில் தொடங்கியவர். 1959இல் மொன்றியலுக்கு வந்து, நகரின் ஓவியக் கண்காட்சித் திறப்பு மாலைகளைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தார். இருவர் படங்களிலும் சுற்றியுள்ள அறை, அலமாரி, மனிதர்கள் எல்லாம் அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. பின்னணியைக் கரைத்துக் காட்டுவதற்காகவே அகல அப்பர்ச்சரைத் திறக்கும் இன்றைய வழக்கத்தைவிட இதையே இக்கட்டுரை உயர்வாகக் கருதுகிறது. எஃப் 1.4 இருட்டுக்கான கருவி. வெளிச்சம் போதும்போது சில படிகள் மூடினால் முகமும் முழுதாக வரும், மனிதர் நிற்கும் இடமும் தெரியும்.

கட்டத்தைப் பொருத்துதல்

ரேஞ்ச்ஃபைண்டர் பிம்பம் இடவலமாக மட்டுமே நகரும். ஆகவே அதற்குச் செங்குத்தான விளிம்பு வேண்டும். கதவு நிலை, மூக்கின் ஓரம், கண்மணியின் விளிம்பு, சட்டைப் பொத்தான் வரிசை இவையெல்லாம் உதவும். படுக்கைக்கோடு எத்தனை தெளிவாக இருந்தாலும் பயனில்லை. அந்நிலையில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே மாதிரிக் கோடுகள் அடுத்தடுத்து வந்தால் வேறொரு ஆபத்து. மொன்றியலின் பிளாட்டோ பகுதியில் வீட்டுக்கு வெளியே வளைந்தேறும் இரும்புப் படிக்கட்டுகள் புகழ்பெற்றவை. அவற்றின் கைப்பிடிக் கம்பிகள் சம இடைவெளியில் நிற்பதால், ஒரு கம்பியின் பிம்பம் பக்கத்துக் கம்பியின்மேல் கச்சிதமாக உட்கார்ந்து ஏமாற்றும். அங்கே படியில் அமர்ந்திருப்பவரின் முகத்தையோ கம்பி வரிசை முடியும் தூணையோ பிடிப்பது மேல்.

படம் எடுத்து முடித்ததும் வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி வைக்கும் பழக்கம் பழைய செய்தியாளர்களிடம் இருந்தது. அடுத்த முறை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரே திசையில் சென்று பிம்பம் பொருந்தியதும் நிறுத்தினால் போதும். முன்னும் பின்னும் ஆட்டித் தேடினால் கண் சோர்ந்துவிடும், எதிரில் இருப்பவரும் அசைந்துவிடுவார்.

ஃபோகஸ் செய்த பிறகு படச் சட்டகத்தை மாற்றுவதில்தான் மிக அதிகப் படங்கள் கெடுகின்றன. கட்டம் நடுவில் மட்டுமே இருப்பதால், கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி முகத்தை ஓரத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு மீட்டர் தொலைவில் 15 டிகிரி திருப்பினால் கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் மூன்றரை செ.மீ. தள்ளிப் போய்விடும். எஃப் 1.4இல் கண்ணுக்குப் பின்னால் கிடைக்கும் ஆழமோ ஒன்றரை செ.மீ.தான். எஃப் 5.6இல் இந்தப் பிழையை ஆழம் விழுங்கிக்கொள்ளும், எஃப் 1.4இல் விழுங்காது. முகத்தை நடுவுக்கு அருகில் வைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அல்லது திருப்பிய பின் உடலை மிகச் சிறிது பின்னுக்குச் சாய்க்கலாம். இரண்டாவது முறைக்கு நிறையப் பயிற்சி வேண்டும்.

உடலே நகர்ந்துவிடுவதும் இதற்கு இணையான பிழை. நின்றபடி மூச்சு விட்டால் உடல் ஒரு செ.மீ. எளிதாக ஆடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரிலோ தூணிலோ தோளைச் சாய்த்து, பிம்பம் பொருந்தியதும் தாமதிக்காமல் ஷட்டரை அழுத்த வேண்டும். லென்ஸ் வழியே பார்க்கும் கேமராக்களில் கண்ணாடி மேலெழும்போது வரும் அதிர்ச்சி ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லாததால் வினாடியில் 15இல் ஒரு பங்கு வேகத்திலும் கைநடுக்கமின்றி எடுப்பவர்கள் உண்டு. ஆனால் எதிரில் இருப்பவர் அசையாதிருக்க வேண்டும். திருமண மேடையிலோ தீபாராதனையிலோ அதை எதிர்பார்க்க முடியாது. 125இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதைவிட ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதே தக்கது.

கருவியைச் சோதித்தல்

பழக்கம் எத்தனை நன்றாக இருந்தாலும் கருவி தவறாக அளந்தால் பலனில்லை. முதல் சோதனை முடிவிலியில். மொன்றியலில் இதற்கு வாய்ப்பான குறி மோன் ரோயால் குன்றின்மேல் 1924இல் நிறுவப்பட்ட, 31 மீட்டர் உயரச் சிலுவை. கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, லென்ஸை முடிவிலியில் வைத்துப் பார்த்தால் சிலுவையின் நெடுங்கம்பம் இரட்டையாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் தொலைவளவு பிசகியிருக்கிறது. குறுக்குக் கரம் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால் செங்குத்து ஒழுங்கு கெட்டிருக்கிறது. அடுத்த சோதனை அருகில்: முக்காலியில் கேமராவை ஏற்றி, ஒரு மீட்டர் தொலைவில் சாய்வாக வைத்த அளவுகோலை முழு அப்பர்ச்சரில் எடுத்தால், பிழை முன்பக்கமா பின்பக்கமா என்று கோடுகளே சொல்லும். டிஜிட்டல் எம் மாதிரிகள் பலவற்றில், 2012இன் டைப் 240 முதல், லென்ஸ் காட்டும் பிம்பத்தைத் திரையில் பெருக்கி உடனே ஒப்பிடலாம்.

ஒரு லென்ஸில் மட்டும் பிழை என்றால் கோளாறு லென்ஸில், எல்லாவற்றிலும் என்றால் உடலில். பழுதுபார்ப்பவரிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் சரி.

சில லென்ஸ்களில் இயல்பாகவே ஃபோகஸ் நகரும். அப்பர்ச்சரை மூடும்போது கோளப்பிறழ்ச்சி (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாமை) காரணமாகக் கூர்மைத் தளம் பின்னால் போகிறது. ஜைஸ் சி ஸோனார் 50 மி.மீ. எஃப் 1.5 இதற்குப் பெயர்பெற்றது. எஃப் 2.8க்குச் சீரமைத்த பிரதிகளில் முழுதாகத் திறந்தால் ஃபோகஸ் முகத்துக்குச் சற்று முன்பாக விழும். லைக்கா 2010இல் 35 மி.மீ. சம்மிலக்ஸுக்குள் நகரும் லென்ஸ் தொகுதி ஒன்றைச் சேர்த்து இதைக் குறைத்தது. இத்தகைய லென்ஸ் வைத்திருப்பவர் தான் அதிகம் பயன்படுத்தும் அப்பர்ச்சரில் சோதித்து, எவ்வளவு விலகுகிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

குளிர்காலம்

டிசம்பர் இறுதியில் மொன்றியலில் மாலை 4.15 அளவில் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு தெருவிளக்கும், 1966இல் திறந்த மெட்ரோவின் நிலையங்களும், வீட்டு அறைகளும்தான். ஃபாஸ்ட் லென்ஸ் இங்கே அலங்காரத்துக்கு இல்லை. நண்பகல் வெயிலும் பனியும் சேர்ந்தால் நிலைமை தலைகீழ்: ஐ.எஸ்.ஓ. 400இல் எஃப் 1.4க்கு வினாடியில் 50,000இல் ஒரு பங்கு வேகம் தேவைப்படும். எம்3இன் எல்லை 1,000இல் ஒரு பங்கு. அப்போது அப்பர்ச்சரை மூட வேண்டும், அல்லது சாம்பல் நிற ஃபில்டர் மாட்ட வேண்டும்.

பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே பழைய கிரீஸ் இறுகி ஃபோகஸ் வளையம் கனக்கும். துணி ஷட்டரின் மெதுவேகங்கள் இழுபடும். மூச்சுக்காற்று வியூஃபைண்டரில் படிந்தால் நடுக்கட்டமே தெரியாது. ஷட்டரை அழுத்தும்வரை மூச்சை மூக்கு வழியாகக் கீழ்நோக்கி விடுவது நல்லது. ஃபிலிமை வேகமாகச் சுற்றினால் வறண்ட குளிரில் நிலைமின் பொறி விழுந்து படத்தில் கொடிமின்னல் போன்ற கீறல் வரும்.

விரல் மரத்துப்போகும் நாளில் கட்டத்தைப் பார்க்காமலே எடுக்கும் முறையும் உண்டு. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல், 5 மீட்டரில் நிறுத்தினால் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைவு முழுவதும் போதிய கூர்மையோடு வரும். தெருவில் நடப்பவர்களுக்கு அது போதும். சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அறை வெப்பத்தை எட்டும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸின்மேலும் ரேஞ்ச்ஃபைண்டரின் உள்கண்ணாடிகளிலும் நீர் படியும்.