தலைநகரத்தின் கணக்கில் நம்ம பங்கு

இலங்கையோட தலைநகரம் எதுன்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் கொழும்புன்னு சொல்வோம். பொது அறிவுப் போட்டிக்குப் படிச்சவங்க உடனே திருத்துவாங்க: "இல்ல, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே." ரெண்டு பதிலுக்குப் பின்னாலயும் நீண்ட வரலாறு இருக்கு. அதில் அரசர்களும் ஆளுநர்களும் நிறையவே வருவாங்க. பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் மட்டும் அபூர்வமாகத்தான் வரும். ஆனா அந்தத் தோட்டங்களை விட்டுட்டு இன்றைய கொழும்பு எப்படி வளர்ந்ததுன்னு சொல்லவே முடியாது.

முதல்ல கோட்டே. 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட இராசதானி அது. யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள் இவரின் வளர்ப்பு மகன். சிங்களத்தில் அவரைச் சப்புமல் குமாரயா என்பார்கள். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். 1565இல் கோட்டே கைவிடப்பட்டது. அரசன் தர்மபாலன் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் கொழும்புக்குப் போய்விட்டான். பிறகு 1656இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர் எனக் கொழும்பு கைமாறியது. 1815இல் கண்டி இராச்சியமும் ஆங்கிலேயரிடம் போனதும், முழுத் தீவுக்கும் கொழும்பே தலைநகரானது. ஊவா மக்கள் அதை சும்மா ஏத்துக்கல. 1817-18 கிளர்ச்சி இங்கேதான் வெடித்தது, கொடூரமாக அடக்கப்பட்டது.

ஆனா தலைநகரா இருந்தும் அப்போ கொழும்பு பெரிய துறைமுகம் கிடையாது. தூரப் பயணக் கப்பல்கள் பெரும்பாலும் காலியில்தான் நின்றன. அந்த நிலைமையை மாத்தினது மலையில விளைஞ்ச சரக்கு. முதலில் கோப்பி, நோய் வந்து அது அழிந்த பிறகு தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்ம முன்னோர்கள் காட்டை வெட்டி, கன்று நட்டு, கோப்பி பிடுங்கி, கொழுந்து பறிச்சாங்க. அதை இறக்கக் கோச்சிப் பாதை போட்டார்கள். கொழும்பிலிருந்து 1867இல் கண்டி வரைக்கும், 1885இல் நானுஓயா வரைக்கும், 1894இல் பண்டாரவளை வரைக்கும், கடைசியாக 1924இல் பதுளை வரைக்கும் வந்தது. இன்று ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று செல்பி எடுக்கிறோமே, அதுவும் இந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கு.

பாதையின் மறுமுனையில் துறைமுகம் வளர்ந்தது. கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நட்டார்கள். அது முடிந்த வருசம் 1885. நானுஓயாவுக்குக் கோச்சி வந்த அதே வருசம். காலி மெல்ல மெல்லப் பின்னால போயிட்டுது. வங்கி, கப்பல் கம்பெனி, தேயிலை ஏலம் எல்லாம் கொழும்பில் குவிந்தன.

1930இல் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, சட்டசபைக்கு ஒரு பெரிய கட்டடம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே பாராளுமன்றம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் உறுப்பினர்களாகி அங்கே போனார்கள். அடுத்த வருசமே அதே பாராளுமன்றத்தில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களாக ஆனார்கள். வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனம்கூடக் கிடைக்கல. தலைநகரத்துக்கு நம்ம உழைப்பு போய்க்கொண்டே இருந்தது. நம்ம குரல் மட்டும் அங்கே இல்லாமப் போச்சு.

1964இல் நம்ம கதையை எழுதினது இன்னொரு தலைநகரம், புதுடில்லி. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்னு முடிவு. மனுசரைத் தேயிலைப் பெட்டி மாதிரி எண்ணிப் பிரிச்சாங்க. தேயிலை இறக்கப் போட்ட அதே பாதையில் சனம் தலைமன்னாருக்குப் போனது. அதற்கு மலையகத்தில் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டடம், தியவன்னா ஓயாவின் நடுவில். ஜயவர்தனபுர என்பது கோட்டேயின் பழைய பெயர்தான். அப்போதைய ஜனாதிபதியின் பெயரும் ஜெயவர்தன, பொருத்தத்தை நீங்களே பார்த்துக்குங்க. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் அங்கே நிறைவேறியது. 1948இலிருந்து கணக்குப் போட்டா 55 வருசம்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடினார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா அப்பாவுக்கு நாளுக்கு 1000 ரூபா கேட்டார்கள். அவர்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள். அவங்க நின்ற இடத்திலிருந்து அந்தப் பழைய பாராளுமன்றக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். தலைநகரத்தை வளர்த்தவங்க பேரப்பிள்ளைகள், தங்களுக்கு உரிமை மறுத்த வாசலுக்குக் கிட்ட நின்று கேட்ட கேள்வி அது.

கலைப்பீடத்தில் ஆய்வுக்குத் தலைப்பு தேடுறவங்க இதை யோசிச்சுப் பாருங்க. கொழும்பைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கு. லயத்திலிருந்து பார்த்த கொழும்பை நாமதான் எழுதணும். ஒப்பாரிக் கோச்சியில் சொந்தக்காரங்களை ஏத்திவிட்ட தாத்தா பாட்டிமார் இன்னும் நம்ம வீடுகளில் இருக்காங்க. அவங்க பேசும்போதே பதிவு செஞ்சு வைப்போம்.