மண்ணைப் படைத்த தோட்டக்காரர்கள்

மண்ணை இயற்கையின் கொடை என்பர். அதனை உழைப்பாலும் படைக்க இயலும் என மெய்ப்பித்தவர்கள், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த காய்கறித் தோட்டக்காரர்கள் ஆவர்.

அந்நகரில் வண்டியிழுத்த குதிரைகளின் சாணம் நாள்தோறும் மலைபோற் குவிந்தது. பிறர் வெறுத்தொதுக்கிய அக்கழிவை அவர்கள் பாத்திகளில் நிரப்பினர். அது மக்கும்போது எழுந்த வெப்பம் குளிர்காலத்திலும் பயிரைக் காத்தது. மணி வடிவக் கண்ணாடி மூடிகள் பனியைத் தடுத்தன. முள்ளங்கி, கேரட், சாலட் கீரை ஆகியவற்றை ஒரே பாத்தியில் கலந்து விதைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுவடை செய்தனர். மொரோ, தாவெர்ன் என்னும் தோட்டக்காரர் இருவர் 1845இல் இம்முறைகளை நூலாக்கினர்.

குத்தகை முடிந்து வெளியேறுபவர், தாம் உருவாக்கிய மேல்மண்ணையும் வண்டியிலேற்றிச் செல்லும் வழக்கம் அங்கிருந்ததை, ரஷ்ய அறிஞர் கிரொப்போட்கின் 1899இல் வெளிவந்த தம் நூலில் வியந்து குறித்துள்ளார். உழைப்பின் உரிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேறுண்டோ?

20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகின, குதிரைகள் மறைந்தன, எருவும் அருகியது. நகரம் விரியத் தோட்டங்களும் சுருங்கின. ஆயினும், பல்லாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்னும் உழவர், அம்முன்னோரின் அனுபவத்தைக் கற்றுக் கடுங்குளிரிலும் கீரை விளைவித்தார். மண்ணைச் சுமந்து சென்றவர்கள் மறைந்தனர். அவர்கள் எழுதிவைத்த அறிவோ கடல் கடந்து முளைத்தது.