நடுப்புள்ளியின் ஆட்சி

பாசிக்குடாக் கடல் படம்பிடிப்பவரைச் சோதிக்கும் கடல். முருகைக்கற் பாறைகள் அலையைத் தடுப்பதால் குடாவின் நீர் ஆழமின்றி, பெரும்பாலும் அசைவின்றிக் கிடக்கின்றது. நீரும் வானும் ஒரே நிறமாகும் காலைப்பொழுதில் கமராவின் தானியங்கிக் குவியம் பிடிமானமின்றி முன்னும் பின்னும் அலையும். ஒளியும் நிழலும் வேறுபடும் விளிம்பொன்று அதற்கு வேண்டும். ஆகவே வள்ளத்தின் சாயக்கோட்டில் நடுப்புள்ளியை வைத்து, விசையைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பூட்டி, பின்னர் சட்டத்தை நகர்த்தி எடுப்பது எம் போன்ற பத்திரிகைக்காரரின் வழக்கம்.

இவ்வழக்கம் கருவியின் குறைபாட்டிலிருந்து பிறந்தது. 1977இல் வெளிவந்த கொனிகா சி35 ஏஎஃப், பெருந்தொகையாக உற்பத்தியான முதலாவது தானியங்கிக் குவியக் கமரா. 1985இல் மினோல்டா 7000 அதே வசதியை ஒற்றைவில்லைப் பிரதிபலிப்புக் கமராவின் உடலுக்குள் கொண்டுவந்தது. இரண்டும் சட்டத்தின் நடுவை மட்டுமே அளந்தன. இருவர் அருகருகே நின்றால், அவர்களுக்கிடையே தெரியும் சுவர் தெளிவாகும், மனிதர் மங்குவர்.

இது சிறு விடயமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையோரத்தில் எடுக்கப்பட்ட படங்களுக்கு மனிதரும் வேண்டியிருந்தனர், இடமும் வேண்டியிருந்தது. முகத்தை நடுவில் வைத்தால் இடம் சுருங்கும். ஓரத்தில் வைத்துக் குவியத்தைப் பூட்டாது விட்டால், வீட்டின் இடிபாடு தெளிவாகவும் வீட்டை இழந்தவர் மங்கலாகவும் அமைவர். எவர் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதைப் படமெடுப்பவரின் விரல் தீர்மானித்தது.

பூட்டி நகர்த்துவதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. கமராவைத் திருப்பும்போது குவியத் தளமும் சேர்ந்து திரும்பி, முகத்துக்குப் பின்னே விழும். 50 மில்லிமீற்றர் வில்லையுடன் 1 மீற்றர் தொலைவிலுள்ள கண்ணில் பூட்டி 15 பாகை திருப்பினால், தளம் ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றர் பின்தள்ளும். முழுச்சட்டக் கமராவில் எஃப் 1.8 துளையில் தெளிவு முன்னும் பின்னும் 2 சென்ரிமீற்றர் அளவே நிலைக்கும். கண் மங்கிக் காது தெளிவாகும் படங்களின் இரகசியம் இதுவே. எஃப் 8இல் இப்பிழை தெளிவின் எல்லைக்குள் அடங்கிவிடும். 2009இல் ஹசல்பிளாட் தன் எச்4டி கமராவில், திரும்பிய கோணத்தை அளந்து குவியத்தைத் திருத்தும் உணரியையே பொருத்தியது. விலையைக் கேட்டால் நம்மூர்ப் பத்திரிகை ஆசிரியர் மயங்கிவிழுவார்.

இன்றைய கண்ணாடியற்ற கமராக்கள் சட்டம் முழுவதையும் அளக்கின்றன, கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மட்டக்களப்புக் கரையில் கரைவலை இழுக்கும் வரிசையில் பத்து முகங்கள் இருக்கும். நமக்கு வேண்டியவர் வலையின் அந்தலையில், கமராவுக்குப் பக்கவாட்டாக நிற்பார். இயந்திரம் பெரும்பாலும் அருகிலுள்ள முகத்தைப் பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் நான் கண் தேடும் வசதியை நிறுத்திவிட்டு நடுப்புள்ளிக்குத் திரும்புகின்றேன். துளையை எஃப் 8க்குக் குறைத்து, இரண்டடி பின்வாங்கி, அந்தலைக்காரரின் தலைப்பாகை விளிம்பில் பூட்டுகின்றேன்.