20 மணி நேர விமானப் பயணம்: எகானமி சீட்டில் கால் வீங்குவது ஏன்? எப்போது உஷாராக வேண்டும்?

மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். 60 வயதைத் தாண்டிய அம்மா முதல்முறையாக விமானம் ஏறுகிறார். சென்னையிலிருந்து துபாய்க்கு சுமார் 4 மணி நேரம். அங்கே சில மணி நேரம் காத்திருப்பு. பிறகு நியூயார்க்குக்கு சுமார் 14 மணி நேரம். எகானமி டிக்கெட், அதிலும் நடு சீட். 'தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், பக்கத்துல தூங்குறவரை எழுப்பணும், எதுக்கு வம்பு' என்று தண்ணீரும் குடிக்காமல், எழுந்தும் நடக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் கதைதான் இது. பெரும்பாலும் இந்த வீக்கம் ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும். ஆனால் மிகச் சிலருக்கு, அது காலுக்குள் ரத்தம் உறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

காலுக்குள் என்ன நடக்கிறது?

இதயம் கால் வரைக்கும் ரத்தத்தை அனுப்பிவிடும். ஆனால் அந்த ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே திரும்ப வேண்டும். இதற்கு உதவுவது கெண்டைக்கால் தசைகள். நடக்கும்போது இந்தத் தசைகள் சுருங்கி விரிந்து, சிரைகளில் இருக்கும் ரத்தத்தை பம்பு போல மேலே தள்ளுகின்றன.

மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்கார்ந்தால் இந்த பம்பு நின்றுபோகும். சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்புறம் அழுத்துவதும் சேர்ந்துகொள்ளும். ரத்தம் கீழேயே தேங்கும். கணுக்காலில் நீர் கோத்து வீங்கும். அரிதாக, ஆழத்தில் இருக்கும் சிரைகளில் ரத்தம் கட்டியாக உறையும். இதைத்தான் மருத்துவர்கள் டிவிடி, அதாவது 'டீப் வெயின் த்ராம்போசிஸ்' என்கிறார்கள். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

2000-ம் ஆண்டு சிட்னியிலிருந்து லண்டன் வந்து இறங்கிய 28 வயதுப் பெண் ஒருவர் இப்படி உயிரிழந்த பிறகுதான் இந்தப் பிரச்னை உலக அளவில் பெரிதாகப் பேசப்பட்டது.

ஆபத்து எவ்வளவு?

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் அலட்சியம் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் பயணிப்பவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து சுமார் 2 மடங்காகிறது. எண்ணிக்கையில் சொன்னால், சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு.

எகானமியில் மட்டும்தானா?

இல்லை. 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்துவிட்டாலும், அசையாமல் உட்கார்ந்தால் பிசினஸ் கிளாஸிலும் வரலாம். நீண்ட தூர பஸ், ரயில், கார் பயணத்திலும் வரலாம்.

ஆனால் எகானமியில் அசைய இடம் குறைவு என்பது உண்மை. ஒரு சீட்டுக்கும் அதற்கு முன்னால் உள்ள சீட்டுக்கும் இடையிலான அளவு பொதுவாக 31 முதல் 32 அங்குலம். சீட்டின் அகலம் 17 முதல் 18 அங்குலம். உலகின் மிக நீண்ட பயணிகள் விமான சேவைகளில் ஒன்றான சிங்கப்பூர் - நியூயார்க் சேவையை 18 மணி நேரத்துக்கும் மேல் இயக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அந்த விமானத்தில் எகானமி வகுப்பே வைக்கவில்லை.

விமானத்துக்குள் இருக்கும் காற்றும் ஒரு காரணம். கேபின் காற்றழுத்தம், அதிகபட்சமாக 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. அதாவது ஊட்டியைவிடச் சற்று உயரமான இடம். ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடுவதால் உதடு, தொண்டை, கண் எல்லாம் வறண்டுபோகும்.

யாருக்கு கூடுதல் கவனம் தேவை?

ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் குழந்தை பெற்றவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள். இவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

என்ன செய்யலாம்?

* சீட்: முடிந்தவரை நடைபாதை ஓர சீட்டைக் கேட்டு வாங்கவும். ஜன்னலோரம் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எழுந்து நடப்பது குறைந்துபோகும்.

* கால்: விழித்திருக்கும்போது ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும். உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறி மாறித் தூக்கி இறக்கலாம். முன் சீட்டுக்கு அடியில் பையைத் திணித்துவிட்டால் கால் நீட்ட இடம் இருக்காது.

* தண்ணீர்: கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும். பாத்ரூம் போக எழுந்திருப்பதும் காலுக்கு நல்லதுதான்.

* தூக்க மாத்திரை, மது: இரண்டும் மணிக்கணக்கில் அசையாமல் தூங்க வைக்கும். தவிர்க்கவும்.

* அழுத்தக் காலுறை: முழங்கால் வரை இறுக்கமாக இருக்கும் இந்த சாக்ஸ், காலில் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு சரியாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

* ஆஸ்பிரின்: 'ரத்தம் உறையாது' என்று யாரோ சொன்னதை நம்பி, பயணத்துக்காகத் தாங்களாகவே மாத்திரை போட வேண்டாம்.

* வீல்சேர்: மொழி தெரியாது, வழி தவறிவிடுவோம் என்பதற்காகவே பல பெரியவர்களுக்கு வீல்சேர் பதிவு செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நடக்க முடிந்தவர்கள், விமானம் மாறும் இடத்தில் காத்திருக்கும் நேரத்திலாவது கேட் அருகே நாலு சுற்று நடக்க வேண்டும்.

* மருந்து: தினசரி மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி வந்து சேரத் தாமதமாகலாம். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப இன்சுலினை எப்போது போடுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, காலை உயர்த்தி வைத்ததும் படிப்படியாக வடிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, தோல் சிவப்பது ஆகியவை இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமும்போது ரத்தம் வருவது என்றால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது. அமெரிக்காவில் 911, தமிழ்நாட்டில் 108.

இந்த அறிகுறிகள் இறங்கிய அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. ஓரிரு வாரம் கழித்தும் வரலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது 'நீண்ட நேரம் விமானத்தில் வந்தேன்' என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரி செலவு அதிகம் என்பது பெற்றோருக்குத் தெரியும். 'ஊருக்குப் போய் பாத்துக்கலாம்' என்று வலியை மறைப்பவர்கள் அதிகம். கிளம்பும் முன்பே மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்துவிட்டு, வந்து இறங்கியதும் 'சாப்பிட்டீங்களா' என்பதோடு, 'கால் எப்படி இருக்கு' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.