குன்று சின்னது, குரல் பெரியது – டெரெய்ன் பார்க்கின் கதை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்றொரு நகரம். அங்கே ஹைலண்ட் ஹில்ஸ் என்று ஒரு ஸ்கீ குன்று இருக்கிறது. உயரம் எவ்வளவு தெரியுமா? அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 175 அடிதான் வித்தியாசம்! ஏறக்குறைய ஒரு பதினாறு மாடிக் கட்டடம், அவ்வளவுதான். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் பனிக்காலத்தில் அந்தக் குன்றில் பள்ளி முடிந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சறுக்குகிறார்கள்.

காரணம், அங்குள்ள டெரெய்ன் பார்க். இந்தப் பூங்கா எப்படி வந்தது, அதை யார் உருவாக்கினார்கள், அதில் சறுக்குபவர்கள் சொல்லும் குறைகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

டெரெய்ன் பார்க் என்றால் என்ன?

சாதாரண ஸ்கீ சரிவு என்பது மேலிருந்து கீழே சறுக்கி வருவதற்கான வழி. டெரெய்ன் பார்க் அப்படி இல்லை. பனியைக் குவித்து மேடுகள் கட்டியிருப்பார்கள், அதில் ஏறித் தாவலாம். இது ஜம்ப். மாடிப்படிக் கைப்பிடி போன்ற இரும்புக் குழாய்களை நட்டிருப்பார்கள், அதன்மேல் சறுக்கலாம். இது ரெயில். பாதிக் குழாயைப் படுக்க வைத்ததுபோல இருபுறமும் சுவர் எழுப்பியிருந்தால் அது ஹாஃப்பைப்.

இவை எல்லாமே மனிதன் செய்தவை. வெயிலில் உருகும், இரவில் உறையும், நூறு பேர் ஏறி இறங்கினால் வடிவம் மாறிவிடும். அதனால் தினமும் பழுது பார்க்க வேண்டும். காலையில் நல்லபடியாக இருந்த ஜம்ப் மாலையில் ஆளைக் கவிழ்க்கலாம்! இந்த வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

கயிறும் கார் எஞ்சினும்

அமெரிக்காவின் முதல் ஸ்கீ கயிறு 1934-ல் வெர்மான்ட் மாநிலத்தின் வுட்ஸ்டாக் ஊரில், ஒரு பண்ணை மேய்ச்சல் நிலத்தில் ஓடியது. அதை இழுத்தது ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சின். கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும், அது மேலே இழுத்துக்கொண்டு போகும். கயிறு, சக்கரம், எஞ்சின் இருந்தால் எந்த விவசாயியும் தன் நிலத்துக் குன்றை ஸ்கீ குன்று ஆக்கிவிடலாம் என்ற நிலை வந்தது.

1950-ல் கனெக்டிகட் மாநிலத்தில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. பனி சரியாகப் பெய்யாத ஊர்க் குன்றுகளுக்கு இது பெரிய வரம்.

ஆனால் வரம் நீடிக்கவில்லை. பெரிய மலைகள் நாற்காலி லிஃப்ட், ஹோட்டல் என்று வளர்ந்தன. சின்னக் குன்றுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700-க்கும் மேல் இருந்த ஸ்கீ இடங்கள், 2000-களில் 500-க்கும் கீழே வந்துவிட்டன.

அப்பா செய்த பொம்மை

இந்த நேரத்தில் இன்னொரு பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1965 கிறிஸ்துமஸ் நாள். மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் குழந்தைகளுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாக இணைத்து, அதன்மேல் நின்று சறுக்க வைத்தார். கடல் அலைமேல் சறுக்குவதைப் போலவே பனிமேல் ஒரு சறுக்கல். ‘ஸ்னோ’, ‘சர்ஃப்’ இரண்டையும் சேர்த்து ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வைத்தது அவர் மனைவி. அடுத்த ஆண்டே ஒரு கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் விற்றது.

1979-ல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் என்ற இளைஞர் தான் செய்த பலகையோடு வந்தார். அதில் காலைப் பிணைக்கும் பட்டை இருந்தது. ‘இது ஸ்னர்ஃபரே இல்லை’ என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருக்காகத் தனிப் பிரிவு வைத்தார்கள். இன்றைய ஸ்னோபோர்டு இந்த வழியில்தான் வளர்ந்தது.

‘உள்ளே வராதே!’

பலகை வந்துவிட்டது, சறுக்க இடம்? பெரும்பாலான ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்டுக்காரர்களை உள்ளேயே விடவில்லை. ஸ்கீக்காரர்களுக்கு அவர்கள் முரட்டுப் பையன்கள். மலை முதலாளிகளுக்கோ வேறு பயம், இன்சூரன்ஸ்!

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1974-ல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலையில் ஸ்கீ பழகிய ஒருவர், பனிக்குள் மறைந்திருந்த புதரில் மாட்டி விழுந்து கைகால் செயலிழந்தார். வழக்கு நடந்தது. 1977-ல் 15 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது, 1978-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘சறுக்குபவர் தன் பொறுப்பில்தான் சறுக்குகிறார்’ என்று அதுவரை நம்பிவந்த மலை முதலாளிகள் ஆடிப்போனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1983-ல் ஸ்னோபோர்டுக்குக் கதவைத் திறந்த முதல் பெரிய மலைகளில் ஒன்று அதே ஸ்ட்ராட்டன்தான்! தொடக்கத்தில் பல மலைகளில் ஸ்னோபோர்டுக்காரர்கள் தேர்வு எழுதுவதுபோலச் சறுக்கிக் காட்டி, அனுமதி அட்டை வாங்கிய பிறகுதான் லிஃப்டில் ஏற முடிந்தது.

குப்பைக் கிடங்கருகே பிறந்தது

உள்ளே விடவில்லை என்றால் வெளியே போக வேண்டியதுதானே? கலிஃபோர்னியாவின் டாஹோ சிட்டியில், ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் இயற்கையான ஓடை போன்ற பள்ளம் இருந்தது. 1979 வாக்கில் உள்ளூர் இளைஞர்கள் அதைக் கண்டுபிடித்து, மண்வெட்டியால் பனியை வெட்டிச் சுவர்களைச் சரிசெய்து சறுக்க ஆரம்பித்தார்கள். டெர்ரி கிட்வெல் போன்றவர்கள் வித்தை பழகியது இங்கேதான். உலகின் முதல் ஹாஃப்பைப் என்று இந்தக் குப்பைமேட்டுப் பள்ளத்தைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கட்டியவனும் சறுக்கியவனும் ஒரே ஆள். சுவர் சரியில்லை என்றால் புகார் எழுதிப் போட யாரும் இல்லை, தானே மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்!

1983-ல் டாம் சிம்ஸ் கலிஃபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் நடத்திய உலகப் போட்டியில் ஹாஃப்பைப்பும் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் டக் வாஹ் என்ற கொலராடோ மெக்கானிக், விவசாய இயந்திரங்களோடு பழகிய அனுபவத்தில் ‘பைப் டிராகன்’ என்ற கருவியைச் செய்தார். மண்வெட்டிகள் நாள்கணக்கில் செய்த வேலையை அது மிக எளிதாகச் சீவித் தள்ளியது. அந்தக் காலத்தில்தான் மலைகள் தாங்களே பார்க் கட்ட ஆரம்பித்தன. 1997-ல் ஸ்னோ சம்மிட்டில் முதல் குளிர்கால எக்ஸ் கேம்ஸ், 1998-ல் இரு முனையும் வளைந்த ஸ்கீ பலகை, அதே ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் என்று எல்லாம் வரிசையாக வந்தன.

பார்க் மலைக்குள் வந்ததும் ஒரு மாற்றம் நடந்தது. கட்டுபவர் வேறு, சறுக்குபவர் வேறு என்று ஆகிவிட்டது. நடுவில் ஓர் இடைவெளி. இதன் விலை பின்னால் தெரிந்தது.

சின்னக் குன்றுக்கு வந்த விடிவு

பார்க் வந்ததில் அதிகம் பயனடைந்தது யார் என்றால், சின்னக் குன்றுகள்தான். நீளமான சரிவு இல்லையே என்ற குறை பார்க்கில் குறையே இல்லை. ஒரு ஜம்ப், இரண்டு ரெயில் இருந்தால் போதும். கீழே வந்ததும் கயிற்றைப் பிடி, மீண்டும் மேலே போ! பெரிய மலையில் ஒரு முறை லிஃப்டில் ஏறி இறங்கும் நேரத்தில், கயிறு உள்ள குன்றில் பல முறை பழகிவிடலாம். 1934-ன் பழைய கயிறு இப்படி மறுபிறவி எடுத்தது.

மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது என்பதற்கு இன்னொரு சாட்சி ரெட் ஜெரார்ட். கொலராடோவில் அவர் வீட்டுக் கொல்லையில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ரெயில்களும் இழுவைக் கயிறுமாக ஒரு குட்டிப் பார்க்கையே கட்டி வைத்திருந்தார்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், 17 வயதில், ரெயில்களும் ஜம்புகளும் கொண்ட ஸ்லோப்ஸ்டைல் போட்டியில் அவர் தங்கம் வென்றார்.

ஆனால் பார்க் கட்டினால் மட்டும் குன்று பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கொலராடோவில் 1975-ல் மூடப்பட்ட ஒரு பழைய ஸ்கீ இடம் 2006-ல் ‘எக்கோ மவுன்டன்’ என்ற பெயரில் பார்க் பிரியர்களுக்காகவே மீண்டும் திறந்தது. 2012-ல் அது கைமாறி, ஸ்கீ பந்தயப் பயிற்சிக்கான இடமாகப் போனது. சில ஆண்டுகள் கழித்துத்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. பெரிய மலைக்காரர்கள் ஒரு மோசமான பருவத்தைத் தாங்குவார்கள். சின்னக் குன்றுக்கு வாடிக்கையாளர் முகம் சுளித்தாலே ஆபத்து.

ஒரு ஜம்பின் கணக்கு

2004-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோக்வால்மி ஸ்கீ இடத்தில் 23 வயது இளைஞர் ஒருவர் ஒரு ஜம்பில் தாவினார். இறங்க வேண்டிய சரிவைத் தாண்டிப் போய் விழுந்தார். கழுத்தெலும்பு உடைந்து கைகால் செயலிழந்தது. அதே ஜம்பில் அதற்கு முன்பும் பலர் காயப்பட்டிருந்தது வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. 2007-ல் 1 கோடியே 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவர்மீதும் ஒரு பங்கு தவறு உண்டு என்று கழித்துக்கொண்ட பிறகு வந்த தொகை இது!

இதற்குப் பிறகு ஜம்பின் இயற்பியல் பெரிதாகப் பேசப்பட்டது. மான்ட் ஹப்பர்ட், ஜேம்ஸ் மெக்நீல் போன்ற ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. இந்த ஜம்பில் தாவி இறங்கும்போது உடல் வாங்கும் அதிர்ச்சி, எவ்வளவு உயரத்திலிருந்து தட்டைத் தரையில் குதிப்பதற்குச் சமம்?

ஒருவர் காற்றில் வரும் பாதையும் இறங்கும் சரிவும் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் அதிர்ச்சி மிகக் குறைவு. சரிவு முடிந்து தட்டையான இடத்தில் விழுந்தால், மாடியிலிருந்து குதித்த கதைதான். எவ்வளவு தூரம் தாவினாலும் இந்தச் சமஉயரம் ஓர் அளவைத் தாண்டாதபடி இறங்குசரிவை வளைத்துக் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இத்தாலியில் அப்படி ஒரு ஜம்பைக் கட்டி அளந்தும் பார்த்தார்கள்.

மறுதரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதுப்பனி விழுந்தால் வேகம் குறையும், இரவில் உறைந்த பனிக்கட்டியில் வேகம் எகிறும். எதிர்க்காற்று ஒரு பக்கம், சறுக்குபவரின் எடையும் திறமையும் இன்னொரு பக்கம். காகிதத்தில் போட்ட கணக்கு களத்தில் அப்படியே நிற்காது என்பது பல நடத்துநர்களின் வாதம்.

இந்த வாதத்தையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நிலைமை மணிக்கு மணி மாறுகிறது என்றால், அதை முதலில் அறிபவர் யார்? சற்றுமுன் அந்த ஜம்பில் தாவியவர்தான்! ‘இன்று மேட்டின் விளிம்பு செங்குத்தாக இருக்கிறது’, ‘ரெயிலுக்குப் போகும் வழி ஐஸாகிவிட்டது’, ‘இறங்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது’ என்று ஒரு பதினாறு வயதுப் பையன் சொல்வது குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது எந்தக் கருவியாலும் கிடைக்காத அளவீடு.

ஒலிம்பிக்கிலும் அதே குரல்

இது குட்டிக் குன்றின் பிரச்சினை மட்டும் அல்ல. 1998-ல் நார்வேயின் டெர்யே ஹாகன்சன், ஸ்னோபோர்டை ஸ்கீ சம்மேளனத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று எதிர்த்து ஒலிம்பிக்கையே புறக்கணித்தார்.

2014 சோச்சியில் ஸ்லோப்ஸ்டைல் முதல்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தது. ஜம்புகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன என்று வீரர்கள் சொன்னார்கள். பயிற்சியில் நார்வேயின் டோர்ஸ்டெய்ன் ஹோர்க்மோ தோள்பட்டைக் காறை எலும்பை உடைத்துக்கொண்டார். ஷான் வைட் அந்தப் போட்டியிலிருந்தே விலகினார். அமைப்பாளர்கள் ஜம்புகளின் உயரத்தைக் குறைத்தார்கள். போட்டி நடந்தது.

2018 பியோங்சாங்கில் நடந்தது நேர்மாறு. பலத்த காற்றில் பெண்கள் இறுதிப் போட்டியை நடத்தினார்கள். பெரும்பாலான ஓட்டங்கள் விழுந்தோ பாதியில் நின்றோ முடிந்தன. நடத்தியிருக்கவே கூடாது என்று பல வீராங்கனைகள் வெளிப்படையாகச் சொன்னார்கள். உலகின் தலைசிறந்தவர்கள் சொன்னாலும் சில நேரம் காது கேட்பதில்லை!

கேட்கும் காது

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஸ்கீ இடங்களின் சங்கம் பார்க்குகளுக்காக ஒரு பாதுகாப்புப் பிரசாரம் தொடங்கியது. தாவுமுன் பார், சின்னதிலிருந்து தொடங்கு, மற்றவரை மதி என்பதுதான் அதன் சாரம். பார்க் வாசலில் ஆரஞ்சு நிற நீள்வட்டப் பலகை, ஜம்புக்கு அருகே சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுக் குறி ஆகியவை பழக்கத்துக்கு வந்தன.

நல்லவைதான். ஆனால் இந்த அறிவுரைகள் எல்லாம் மலையிலிருந்து சறுக்குபவரை நோக்கிப் போகிறவை. சறுக்குபவரிடமிருந்து மலைக்குப் போகும் பாதைக்குப் பலகை கிடையாது. பெரிய ரிசார்ட்டில் ஒரு பையனின் பேச்சு மேலாளர் வரை போய்ச் சேருவது கடினம். சின்னக் குன்றில் அப்படி இல்லை. பனிவாரியோடு நிற்கிற பார்க் ஊழியர் அவன் கண்ணெதிரே இருக்கிறார். ‘அண்ணே, இறங்குற இடம் சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், கயிறு கட்டி ஜம்பை மூடிவிட்டுப் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடியும்.

பணத்திலும் உயரத்திலும் பெரிய மலையோடு சின்னக் குன்று போட்டி போட முடியாது. கேட்பதில் போட்டி போடலாம். கேட்டால் அந்தக் குன்று தன் பிள்ளைகளைத் தக்கவைத்துக்கொள்ளும். கேட்காவிட்டால் முதலில் ஒரு பிள்ளையின் எலும்பு உடையும், பிறகு குன்றும் மூடப்படும்.